செல்லையாவுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வரி

போன மாதம் நாலைந்து இளவட்டங்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். கைபேசியில் ஏதோ ஒரு செயலி செய்திருக்கிறார்களாம். படிக்கிறவன் எதை எப்போது மறக்கப்போகிறான் என்று அதுவே கணக்குப் போட்டு, மறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கேள்வி கேட்குமாம். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி தள்ளிப்போகும். தப்பாகச் சொன்னால் கிட்டே வரும். "இதையே நீங்க எண்பதுகள்ல போடியில கையால செஞ்சீங்களாமே மேடம்?" என்று கேட்டான் ஒருவன். ஆமப்பா, செய்தோம். ஒரு ஸ்டாப் வாட்சும் எங்கள் தொண்டைத் தண்ணீரும்தான் மிஷின்.

கிளம்பும்போது அவர்களில் ஒரு பெண் வாசலில் நின்று, "ஞாபகம் இருக்குறது நல்லதுதானே மேடம், இதுல கெடுதல்னு என்ன இருக்கப்போகுது?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பிள்ளைமேல் கோபப்பட்டு என்ன செய்ய? "போயிட்டு வாங்க, எழுதி அனுப்புறேன்" என்று அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் செல்லையாவும் பேச்சியம்மாளும்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களைச் சொல்லாமல் என் வேலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

மதுரையில் உளவியல் படித்தேன். படித்த மூன்று வருஷத்தைப் பற்றி எழுத ஒரு வரி போதும்: புத்தகத்தில் இருந்ததைப் பரீட்சையில் எழுதினேன். போடிக்குத் திரும்பி வந்தபோது, "மனசைப் படிச்சுட்டு வந்தவ, எங்க, என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. வேலை கொடுத்தவர் எங்கள் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனிதனின் ஞாபகத்தை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். ஊரில் அவருக்குப் பெயர் 'கடியாரம்'.

முதலில் மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரிசையாகச் சில பிஸ்கட் டின்கள், அவற்றில் அட்டைகள். அட்டையில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டின்னுக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் டின்னுக்கே திரும்பி வரும். முதல் டின்னைத் தினமும் எடுக்க வேண்டும், கடைசி டின்னை எப்போதாவது எடுத்தால் போதும். ஒரு பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டில் கிடக்கும், பக்கத்துப் பிள்ளை பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். அந்தப் பள்ளி வாத்தியாருக்கு இது ஆகவே ஆகாது. "எல்லாரும் ஒண்ணா ஒப்பிச்சாத்தான்யா வகுப்பு. இது சந்தைக்கடையால்ல இருக்கு" என்பார். அந்த வருஷத்து மழையில் அட்டைகளெல்லாம் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டன. அந்தச் சாக்கில் தோட்ட நிர்வாகம் எங்களைக் கீழே அனுப்பிவிட்டது. வாத்தியார் ஜீப்பு வரைக்கும் வந்து சந்தோஷமாக வழியனுப்பி வைத்தார்.

பிறகுதான் போடியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் மாடியில் படிக்குப் பக்கத்து அறை கிடைத்தது. தலையில் அடிபட்டவர்கள், வாதம் வந்து மீண்டவர்கள், இவர்களில் ஞாபகம் கலைந்தவர்களை எங்களிடம் அனுப்புவார்கள். கேள்வி கேட்பதே என் வேலை என்பதால் எல்லாரும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வோம். உதாரணமாக, 'உங்கள் கட்டில் கதவோரம்.' உடனே கேட்போம். சொல்வார். அரை நிமிஷம் விட்டுக் கேட்போம். பிறகு ஒரு நிமிஷம், இரண்டு, நாலு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவோம். நடுவில் மழை, விலைவாசி, ஆட்டுக்குட்டி என்று வேறு பேச்சு. தவறினால் பதிலை நாமே சொல்லிவிட்டு, கடைசியாக எந்த இடைவெளியில் சரியாகச் சொன்னாரோ அதற்கே திரும்ப வேண்டும். கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். புதிதாக எதுவுமே தங்காத தலைக்குள்கூட இப்படி ஒரு வரியைக் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

டாக்டர் இதில் ஒரு இம்மி பிசக விடமாட்டார். சரியான பதிலுக்குச் சபாஷ் சொல்லக் கூடாது. 'ரைட்டு' மட்டும். அதுவும் எல்லா ரைட்டும் ஒரே குரலில். "மறந்துட்டீங்களா?" என்ற வார்த்தையை நோயாளி முன்னால் யாராவது சொன்னால் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசமாட்டார். எங்களையும் சும்மா விடமாட்டார். காலையில் முன்பின் தெரியாத ஒரு பெயரைச் சொல்வார், டீ குடிக்கும்போது கேட்பார், சாயங்காலம் பஸ்சுக்கு ஓடும்போது ஜன்னலிலிருந்து கேட்பார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டுகூட பதில் சொல்லியிருக்கிறேன். பாவி மனுசன், அந்தப் பெயர்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அவர் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொன்னது ஒன்று. நோயாளியை ஊகித்துச் சொல்ல விடாதே. வாதம் வந்த ஒரு பெரியவருக்குக் கட்டில் கதவோரம் என்று நான் பழக்கிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்த மருமகன், "யோசிச்சுச் சொல்லுங்க மாமா, சும்மா தோணுறதச் சொல்லுங்க" என்று ஊக்கப்படுத்தினார். மாமா "ஜன்னலோரம்" என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். அதோடு முடிந்தது கதை. அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவரைக்கும் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர்மேல் போய்ப் படுக்கப் பார்த்தார். "வாயில வந்தது தப்புன்னு நமக்குத் தெரியும் சரோஜா. அவர் மூளைக்கு அது தெரியாது. சொன்னது எதுவோ அதுதான் அதுக்குப் பாடம்" என்றார் டாக்டர்.

பேச்சியம்மாள் வந்தது அதற்கு அடுத்த ஆடியில். போடியில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தானையால் தலையைச் சுற்றிக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் ஏறி வந்திருந்தாள். பக்கத்துச் சிலமலைக்காரி. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற வேலை. புருஷன் செல்லையா மலையில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஒரே மகள் முத்து அதே தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகாத பெண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, அப்பனும் மகளும் கூலியாட்களோடு இறங்கி வந்த ஜீப்பு போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் கவிழ்ந்தது. மகள் அங்கேயே போய்விட்டாள். செல்லையா பிழைத்தார். அடிபடுவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. புதிதாக எதைச் சொன்னாலும் சில நிமிஷத்துக்குமேல் தங்கவில்லை.

கண் விழித்ததும் அவர் கேட்டது, "முத்து எங்க?" வார்டில் இருந்த மலையாளத்து நர்ஸ் சேச்சி உள்ளதைச் சொல்லிவிட்டாள். மனுசன் அலறித் துடித்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, அழுத முகம் காயாமலே மறுபடி, "முத்து எங்க?" மறுபடி சொன்னார்கள். மறுபடி அலறினார். மூன்றாவது தடவை பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள்.

"என்ன செய்யச் சொல்றீக டீச்சரு? என் வாயில அதுதான் வந்துச்சு. 'கட்டிக்குடுத்தாச்சுல்லய்யா, எங்க அண்ணன் மகனுக்கு. மலைக்கு மேல பூப்பாறையில இருக்கா'ன்னு சொன்னேன். மனுசன் மொகம் மலந்துபோச்சு. 'நான் இருந்தேனா கல்யாணத்துல?'ன்னாரு. 'நீதானய்யா மாப்பிள்ளை கையில புடிச்சுக் குடுத்த'ன்னேன். சிரிச்சாரு. அந்தச் சிரிப்பப் பாத்த பெறகு எப்பிடி மாத்திச் சொல்ல?"

ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவர் கேட்டார். அவள் ஒரே மாதிரி, அதே வார்த்தையில் சொன்னாள். போகப்போகக் கேட்பது குறைந்தது. இடைவெளி கூடியது. ஒரு நாள் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு, "நம்ம முத்துவக் கட்டிக்குடுத்தாச்சுப்பா, பூப்பாறையில" என்று அவரே சொன்னார். அவள் இதைச் சொன்னதும் எங்கள் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் வாட்சை வைத்துக்கொண்டு செய்கிற வேலையை, வாட்சு இல்லாமல், ஒன்றும் தெரியாமல், இந்தப் பொம்பளை சுத்தமாகச் செய்து முடித்திருந்தாள். பதிய வைத்ததுதான் பொய்யாகப் போயிற்று.

கட்டிக்கொடுத்த பெண் என்றால் அதோடு விடுமா? புதுப்பெண்ணை ஆடிக்கு அழைக்க வேண்டும். செல்லையாவுக்குத் தேதி தெரியாது, வருஷம் தெரியாது. ஆனால் காற்று தெரியும். காற்று ஊளையிட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "ஆடி பொறந்துருச்சு, பிள்ளைய அழைக்கப் போகலையா? சம்பந்தகாரக என்ன நெனைப்பாக?" பையை எடுத்துக்கொண்டு போடிக்கு வந்து ஜீப்பு ஏறிவிட்டார் ஒரு நாள். போடிமெட்டில் இறங்கியபோது எதற்கு வந்தோம் என்பது மறந்துபோயிற்று. பனிமஞ்சில் நடுரோட்டில் நின்றவரை ஒரு லோடு ஜீப்புக்காரர்தான் அடையாளம் கண்டு தூக்கிப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். அன்றிலிருந்து பேச்சியம்மாள் வேலைக்குப் போகும்போது அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். அவர் கதவைத் தட்டுவது தெருக்கோடி வரை கேட்குமாம்.

"இவருக்குப் புத்தி வரணும்னு நான் வரல" என்றாள் அவள். "எம்பிள்ளை கன்னியாப் போனவ. ஒரு பாவாடை, நாலு வளவி வச்சு வீட்டுல கும்பிட முடியல. ஒரு போட்டா மாட்ட முடியல. இவரு பாத்தா என்னன்னு சொல்லுவேன்? அழணும்னா காய் பொறுக்குற எடத்துல அழுதுட்டு, மொகத்தக் கழுவிட்டு வீட்டுக்குப் போறேன். ரெண்டு வருசமாச்சு டீச்சரு. என் வீட்டுல உக்காந்து எம்பிள்ளைக்கு நான் அழணும்."

டாக்டர் கழுத்திலிருந்த வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அவளிடம் மறைக்காமல் சொன்னார். "பொய் ஆழமாப் பதிஞ்சிருக்கும்மா. அதை அவர் வாயால சொல்றதுக்கு முந்தி நாம நெசத்தச் சொல்லணும். அது அவருக்குத் தங்குற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்குற மாதிரிதான். இது மருந்து குடுக்குறது இல்ல. தெனமும் திரும்பத் திரும்ப இழவு சொல்றது."

எனக்குத் தாங்கவில்லை. "வேண்டாம் சார். 'ஆடிக்கு அழைச்சிட்டு வந்து அனுப்பியாச்சு'ன்னு பழக்கிவிடுவோம். அந்த மனுசனாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று அவள் முன்னாலேயே சண்டைக்கு நின்றேன். "தீபாவளிக்கு என்ன சொல்வீங்க? பிள்ளை உண்டாயிருக்காளான்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார் டாக்டர். இருந்தும் எனக்குக் கோபம் தீரவில்லை.

பேச்சியம்மாள்தான் முடித்துவைத்தாள். "ரெண்டு பேரும் சண்ட போடாதீக. நான் சொல்றேன். இழவு சொல்ல உரிமைக்காரி நான் இருக்கேன்ல."

மறுநாளிலிருந்து ஆரம்பித்தோம். செல்லையா நல்ல வளர்த்தி, வெள்ளை மீசை, தமாஷ் பேச்சு. ஒவ்வொரு நாளும் என்னைப் புதிதாகப் பார்த்து, "யாரு தாயி நீ, எந்த ஊரு?" என்று விசாரிப்பார். எதிரில் பேச்சியம்மாள் உட்காருவாள். பக்கத்தில் வாட்சோடு நான். டாக்டர் ஜன்னலோரம் நிற்பார்.

"ஏய்யா, நம்ம முத்து செத்துப்போச்சுய்யா. ஜீப்பு கவுந்ததுல" என்றாள் அவள்.

அந்த மனுசன் கத்திய கத்தலில் கீழே மருந்து வாங்க நின்றவர்கள் மேலே ஓடி வந்தார்கள். நெஞ்சில் அறைந்துகொண்டார். பேச்சியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளும் அழ ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்து அழுகை. என் வாட்சில் அரை நிமிஷம் ஓடிப்போயிருந்தது. கேட்டே ஆகவேண்டும். கேட்டேன். "முத்து எங்க ஐயா?"

"செத்துப்போச்சுன்னு சொல்றாளே தாயி, ஜீப்பு கவுந்ததுலயாம்" என்றார், அழுகைக்கு நடுவில்.

ரைட்டு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. டாக்டர் சொன்னார்.

இடைவெளி கூடும்போது பேச்சை மாற்ற வேண்டும். ஏலக்காய் விலையைப் பற்றிக் கேட்பேன். கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே பதில் சொல்வார். பிறகு கண்ணீர் எதற்கு என்பதே மறந்து கன்னத்தைத் துடைத்துப் பார்ப்பார். மறுபடி கேட்கும்போது வாய் 'கட்டி' என்று தொடங்கும். சட்டென்று பேச்சியம்மாள் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்வாள். மறுபடி அதே அலறல், அதே நெஞ்சடி. மறுபடி இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஒரு தடவை அவள் ராகம் போட்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள். மகளின் நிறம், நடை, தலைமுடி எல்லாம் சொல்லி அழுதாள். அவரும் கூடவே, "ஆமா, ஆமா, அடி எஞ்சாமி" என்று அழுதார். டாக்டருக்கு அழுகை பதிலோடு கலப்பது பிடிக்காது. "பதில் மட்டும் சொல்லுங்கம்மா" என்று சொல்லிப் பார்த்தார். "போங்கய்யா அங்குட்டு" என்றாள் அவள். டாக்டர் என் கையிலிருந்து வாட்சை வாங்கி, அவரே நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரோடு இருந்த அத்தனை வருஷத்தில் பாதியில் வாட்சை நிறுத்தியது அன்றைக்கு மட்டும்தான்.

நான் அந்த நாட்களில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடமுடியாமல் கிடந்தேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பேச்சியம்மாள் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தாள். படியேறி வரும்போது முகத்தில் ஒரு பரபரப்பு இருக்கும். எனக்கு அது விளங்கவே இல்லை. "வெரசா ஆரம்பிப்போமா டீச்சரு?" என்பாள்.

வாரங்கள் போயின. வரி தங்க ஆரம்பித்தது. காலையில் கேட்டது மத்தியானம் நின்றது. இன்றைக்குச் சொன்னது நாளைக்கும் நின்றது. அதற்கேற்ற மாதிரி அழுகை குறைந்தது. முதலில் அலறல் போனது. பிறகு தேம்பல். பிறகு கண் ஓரத்தில் கொஞ்சம் ஈரம். பிறகு அதுவும் இல்லை. பூப்பாறைக் கல்யாணம் அவர் வாயில் வரவே இல்லை. ஆடி முடிந்து, அடுத்த ஆடிக் காற்றும் வந்தது. செல்லையா பையைத் தேடவில்லை. கதவுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. டாக்டர் இதை ஒரு கூட்டத்தில் படித்தார். கை தட்டினார்களாம். எங்கள் அறைக்கு ஒரு மின்விசிறி கிடைத்தது.

அந்த ஆடி வெள்ளியில் மகளைக் கன்னியாக வைத்துக் கும்பிடப்போவதாகப் பேச்சியம்மாள் வந்து அழைத்தாள். சிலமலைக்குப் போனேன். சுவரில் மகள் படம். முன்னால் பலகையில் பச்சைப் பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், மல்லிகை. வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல். நாலு வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். செல்லையா வெள்ளைச் சட்டை போட்டு, தலைசீவி உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்து, "யாரு எடுத்த போட்டா? நம்ம முத்து நல்லா விழுந்திருக்கே" என்றார்.

பேச்சியம்மாள் சூடம் காட்டினாள். காட்டி முடித்ததும் உடைந்துபோய்த் தரையில் உட்கார்ந்து, "எந்தாயே, எம்மகளே" என்று அழுதாள். அவர் பதறிப்போய், "ஏ, எதுக்குடி அழுகுற?" என்றார்.

"நம்ம முத்து எங்கய்யா?" என்று அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள் அவள்.

"செத்துப்போச்சு. ஜீப்பு கவுந்ததுல" என்றார் செல்லையா. கதவிலக்கம் கேட்டால் சொல்கிற குரல். சொல்லிவிட்டு, சரிதானே என்று என் முகத்தைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை. பிறகு பானைப் பக்கம் திரும்பி, "பசிக்குது, பொங்கல் கொண்டா" என்றார்.

பேச்சியம்மாள் எழுந்து இலை போட்டுப் பொங்கல் வைத்தாள். நான் புறப்பட்டபோது பஸ்சு நிற்கிற இடம் வரை கூடவே வந்தாள். காற்றில் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரு, ஒண்ணு கேக்கட்டா? வைய மாட்டீகளே?"

"கேளு பேச்சியம்மா."

"ஒரே ஒரு நாளைக்கு அது அவருக்கு மறந்துபோற மாதிரி பண்ண முடியுமா?"

என் முகம் மாறியதைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்.

"நான் திரும்பப் பொய் சொல்ல மாட்டேன், சத்தியமா. நான் நெசத்தத்தான் சொல்லுவேன். சொன்னா அன்னைக்கு மாதிரி அழுவாரு. கூட உக்காந்து நானும் அழுவேன். எம்பிள்ளைக்கு அழ, பெத்தவ நான் ஒருத்திதான் இருக்கேன் டீச்சரு. அந்த ஆஸ்பத்திரி ரூம்புலதான் ரெண்டு பேரும் சேந்து அழுதோம்."

"முடியாது பேச்சியம்மா" என்றேன்.

"ஏன் முடியாது? காலையில தின்ன கஞ்சிய மறக்குறாரு. உங்களையே மறக்குறாருல்ல?"

எல்லாவற்றையும் மறப்பார். இது ஒன்றை மட்டும் மறக்கமாட்டார். மறக்காதபடி நாங்கள் அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தோம். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்சு வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வீட்டுப் பக்கமிருந்து செல்லையா இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்றேய்யா" என்று குரல் கொடுத்தபடி திரும்பி நடந்தாள்.